பிளேட்டோவின் குகை 'அலிகரி'தானா? சொல்லின் தோற்றமும் அடையாளம் காணும் வழியும்

தேன்மொழி பா. எழுதியது:

திறனாய்வுப் பாடக்குறிப்புகளில் 'அலிகரி'க்கு (allegory) மூன்று விதமான விளக்கம் புழங்குகிறது. ஒன்று 'தொடர் உருவகம்' என்கிறது, இன்னொன்று 'உருவகக் கதை' என்கிறது, மூன்றாவது 'உட்பொருள் வைத்த கதை' என்கிறது. முதலாவது ஓர் அணி. இரண்டாவது ஓர் இலக்கிய வகை. மூன்றாவதற்குள் எந்தக் கதையையும் அடக்கிவிடலாம். எடுத்துக்காட்டு மட்டும் மூன்றிலும் ஒன்றே, பிளேட்டோவின் குகை.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. இந்தச் சொல் யாரிடம், எந்தப் பொருளில் தொடங்கியது? குகையை அலிகரி என்பது சரியா? நம் பிறிதுமொழிதல் அணியோ உள்ளுறையோ இதற்குச் சமமாகுமா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

---

ஏடகம் எழுதியது:

கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு. 'அகொரெயுவெய்ன்' என்றால் ஊர்கூடும் அவையில் பேசுவது. இரண்டும் சேர்ந்து 'அல்லெகோரியா'. பலர் கேட்க ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவது அதன் பொருள்.

பிளேட்டோவின் நூல்களில் இந்தச் சொல் கிடையாது. அவர் கையாள்வது 'ஹுப்போனொயா', அதாவது அடியில் கிடக்கும் கருத்து. தம் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் (பக்க எண் 378) பழைய கிரேக்கக் காப்பியக் கவிஞர் ஹோமர் பாடிய தேவர் சண்டைகளை நகரத்துக்குள் விடக்கூடாது என்கிறார். அவை ஹுப்போனொயாவோடு எழுதப்பட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எது அப்படி, எது அப்படியல்ல என்று பிரித்தறிய இளம்பிள்ளைகளால் முடியாது என்பது காரணம். பழையவர்கள் ஹுப்போனொயா என்றதை இப்போது அல்லெகோரியா என்கிறார்கள் என்று பின்னால் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் குறித்துவைத்திருக்கிறார். அவர் கி.பி. முதல் நூற்றாண்டின் பின்பாதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர்.

இடைப்பட்ட காலத்தில் சொல்லைப் பயிற்றி வைத்தவர்கள் பேச்சுக்கலை ஆசிரியர்கள். 'நடையைப் பற்றி' என்ற நூல் டெமட்ரியஸ் பெயரில் கிடைக்கிறது. அதில் அலிகரிக்கு வரும் எடுத்துக்காட்டு ஒரு மிரட்டல். லோக்ரி நாட்டாரிடம் "உங்கள் சிள்வண்டுகள் தரையில் இருந்து பாடும்" என்று சொல்லப்படுகிறது. சிள்வண்டு மரத்தில் இருந்து பாடுவது. அது தரையில் இருந்து பாடவேண்டுமானால் ஊரில் ஒரு மரமும் மிஞ்சியிருக்கக் கூடாது; படை வந்து எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்திருக்க வேண்டும். 'உங்கள் நாட்டை அழிப்பேன்' என்று நேராகச் சொல்லியிருந்தால் சினம் மட்டும் தெரிந்திருக்கும், அச்சம் இவ்வளவு வந்திருக்காது என்கிறது அந்த நூல். அளவு மீறினால் இது விடுகதையாகிவிடும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது.

ஆக, தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கு முழுநீளக் கதை என்ற பொருள் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்கூட அலிகரியாக நிற்கலாம். ரோமானியப் பேச்சாளர் சிசெரோ இதை உருவகங்கள் தொடர்ச்சியாக ஓடும்போது பேச்சே வேறாகிவிடுவது என்று விளக்குகிறார். ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் (கி.பி. முதல் நூற்றாண்டு) தம் நூலின் எட்டாம் பகுதி ஆறாம் இயலில் இன்னும் கறாராக வரையறுக்கிறார்: சொற்களில் ஒன்று, பொருளில் வேறொன்று, சில வேளை நேர் எதிரானது. எதிர்ப்பொருளையும் சேர்த்துக்கொண்டதால் வஞ்சப்புகழ்ச்சி போன்றவையும் அவருடைய அலிகரிக்குள் வந்துவிடுகின்றன. இன்றைய பாடக்குறிப்புகள் அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டன.

அவர் முதலில் காட்டுவது ரோமானியக் கவிஞர் ஹோரஸின் கப்பல் பாட்டு (முதல் தொகுதி, 14). கப்பல் நாடு, அலையும் புயலும் உள்நாட்டுப் போர், துறைமுகம் அமைதியும் ஒற்றுமையும் என்று அவரே ஒவ்வொன்றாக விடுவிக்கிறார்.

குகைக்கு வருகிறேன். குகைக்குள் கட்டுண்ட கைதிகள் சுவரில் விழும் நிழல்களையே மெய் என்று எண்ணுகிறார்கள், ஒருவன் விடுபட்டு வெளிச்சத்துக்கு ஏறுகிறான் என்பது கதை. 'குடியரசு' ஏழாம் பகுதியின் முதல் வரியிலேயே சாக்ரடீஸ் "நம் இயல்பைக் கல்வி பெற்ற நிலையிலும் பெறாத நிலையிலும் இப்படிப்பட்ட ஓர் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்" என்று தொடங்குகிறார். கதை முடிந்ததும் 517-ல், சிறைவீடு கண்ணுக்குத் தெரியும் உலகம், அதிலுள்ள தீ கதிரவனின் ஆற்றல், மேலே ஏறுவது அறிவுலகுக்கு உயிர் ஏறுவது என்று பிரித்துச் சொல்கிறார். அவர் இதற்கு வைக்கும் பெயர் 'ஐகோன்', அதாவது படிமம் அல்லது ஒப்புமை. முன்பே "ஒப்பிட்டுப் பார்" என்று சொல்லிவிட்டதால் பழைய அணியிலக்கணப்படி இது விரிந்த உவமை. அலிகரியில் அந்த அறிவிப்பு இருக்காது.

---

நிலாமுற்றம் எழுதியது:

ஏடகம் ஐயா, கடைசிப் பத்தியில் உடன்பட முடியவில்லை. விளக்கம் உள்ளேயே இருந்தால் அலிகரி இல்லை என்றால் பாதி உருவகக் கதைகள் வெளியே போய்விடும். பாகவதத்தின் நான்காம் கந்தத்தில் வரும் புரஞ்சனன் கதையை நாரதர் சொல்லி முடித்து, அவரே விளக்கவும் செய்கிறார். ஏசு சொன்ன விதைப்பவன் உவமையும் அப்படித்தான்: விதை வசனம், பறவைகள் சாத்தான், முள் உலகக் கவலை என்று சுவிசேஷத்திலேயே விடை இருக்கிறது. இவற்றையும் உவமை என்பீர்களா?

---

ஏடகம் எழுதியது:

விளக்கம் இருக்கிறதா என்பதைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் கணக்கு. புரஞ்சனன் கதை 25-ஆம் அத்தியாயத்தில் தொடங்கி 28 வரை ஓடுகிறது. ஒன்பது வாயில் உள்ள நகரம், அதைக் காக்கும் ஐந்தலை நாகம், ஓர் அரசி, வேட்டைக்குப் போகும் அரசன். பிறகு சண்டவேகன் என்பவன் 360 கந்தர்வர்களோடும் அதே எண்ணிக்கைக் கந்தர்வப் பெண்களோடும் வந்து நகரைச் சூறையாடுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் பிராசீனபர்ஹி மன்னன் 29-ஆம் அத்தியாயத் தொடக்கத்தில், "நீங்கள் சொன்னது சரியாக விளங்கவில்லை" என்கிறான். அதற்குப் பிறகுதான் நாரதர் அவிழ்க்கிறார். நகரம் உடல், ஒன்பது வாயில் உடலின் துளைகள், நாகம் பிராணன், சண்டவேகன் ஓர் ஆண்டு, கந்தர்வர்கள் பகல்கள், பெண்கள் இரவுகள்.

நான்கு அத்தியாயம் கதை கதையாகவே தனித்து நிற்கிறது. கேட்பவன் அதை ஓர் அரசனின் வரலாறாக எண்ணி ஏமாறலாம், ஏமாறவும் செய்கிறான். குகையைக் கேட்கும் கிளௌகோனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. முதல் வரியிலேயே இது நம்மைப் பற்றிய ஒப்புமை என்று தெரிந்துவிடுகிறது. நடுவில் அவன் "விசித்திரமான கைதிகள்" என்று வியக்கும்போதும் "நம்மைப் போன்றவர்கள்தான்" என்று சாக்ரடீஸ் உடனே சொல்லிவிடுகிறார்.

360 என்ற எண்ணையும் கவனியுங்கள். கதைத்தளத்தில் அது வெறும் படைக்கணக்கு. கவனமாகக் கேட்பவருக்கு மட்டும் அந்த எண் ஏன் முழு நூறாக இல்லை என்று உறுத்தும். நல்ல உருவகக் கதையில் இப்படி ஓர் உறுத்தல் எங்காவது இருக்கும்.

---

வடகரை எழுதியது:

அருமையான இழை. ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது, அதைச் சேர்க்கிறேன். அலிகரியாக எழுதுவது வேறு, அலிகரியாக வாசிப்பது வேறு. வரலாற்றில் வாசிப்புதான் முன்னால் தெரிகிறது.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ரேகியம் ஊர்த் தியாகெனஸ் ஹோமரைக் காப்பாற்ற இறங்குகிறார். தேவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது தகாது என்று குற்றச்சாட்டு. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விடை இது: அவர்கள் தேவர்களே அல்ல, இயற்கைப் பொருள்கள். அப்பல்லோவும் ஹெபைஸ்டஸும் நெருப்பு, பொசைடன் நீர், ஆர்ட்டெமிஸ் நிலவு, ஹீரா காற்று. சில இடங்களில் மனப்பண்புகள்: அத்தீனா அறிவு, போர்த்தேவன் ஏரெஸ் மூடத்தனம். நீரும் நெருப்பும் மோதுவதில் ஒழுக்கக்கேடு எங்கே என்பது வாதம். ஹோமர் அப்படி நினைத்து எழுதினாரா என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை. 1962-ல் தெசலோனிக்கா அருகே டெர்வேனியில் கிடைத்த கருகிய பாப்பிரஸ் சுருளும் இதே வகைதான். ஓர்ஃபியஸ் பெயரிலான பாடலை வரிவரியாக இயற்கைத் தத்துவமாக்கிக் காட்டும் உரை அது.

அலெக்சாந்திரியாவில் யூத அறிஞர் பிலோ இதே முறையில் மோசேயின் நூல்களை வாசித்தார். திருத்தூதர் பவுல் கலாத்தியர் 4:24-ல் ஆபிரகாமின் அடிமைப்பெண் ஆகார், மனைவி சாராள் கதையை எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லின் வினைவடிவத்தையே பயன்படுத்துகிறார். தமிழ் வேதாகமத்தில் அந்த இடம் "இவைகள் ஞானார்த்தமுள்ளவைகள், அந்த ஸ்திரீகள் இரண்டு ஏற்பாடுகளாம்" என்று இருக்கிறது. 'ஞானார்த்தம்' தமிழ்க் கிறித்தவ உரைகளில் நன்றாக வேரூன்றிய சொல். தேன்மொழி, உங்கள் குறிப்பில் அதைக் கட்டாயம் சேருங்கள்.

இந்த இடத்தில் பொருளே நகர்கிறது. பேச்சுக்கலை ஆசிரியர்களுக்கு அலிகரி சொற்களில் இருந்தது. பவுலுக்கு அது நிகழ்ச்சியில் இருக்கிறது. ஆகார் உண்மையாகவே வாழ்ந்தவள், அதே சமயம் அவள் சீனாய் மலை உடன்படிக்கை. கதை பொய், உட்பொருள்தான் மெய் என்ற நிலை இங்கே இல்லை. இரண்டும் மெய்.

இதிலிருந்து வளர்ந்ததுதான் நால்வகைப் பொருள் என்ற இடைக்கால முறை. கிறித்தவத் துறவி காசியன் தரும் எடுத்துக்காட்டு எருசலேம். வரலாற்றுப்படி யூதர்களின் நகரம், அலிகரிப்படி திருச்சபை, ஒழுக்கப்படி மனித ஆன்மா, மேல்நோக்கிய பொருளில் விண்ணக நகரம். நான்கில் ஒன்றுக்கு மட்டுமே இங்கே அலிகரி என்று பெயர். இடைக்கால நூல்களைப் படிக்கும்போது இந்தக் குறுகிய பொருளை மறந்தால் குழப்பம் வரும், அடிக்கடி வருவதும் இதுதான்.

---

நிலாமுற்றம் எழுதியது:

வடகரை அக்கா, வாசிப்புக்கு எல்லை எது? எழுதியவர் நினைத்தாரா என்ற கேள்வியே வேண்டாம் என்றால் எதையும் எதுவாகவும் ஆக்கலாமே.

---

வடகரை எழுதியது:

ஆக்கினார்கள். திருச்சபைத் தந்தை அகஸ்தீன் நல்ல சமாரியன் உவமைக்கு எழுதிய விளக்கம் அதற்குச் சான்று. கள்ளர் அடித்துப்போட்ட ஒருவனைச் சமாரியன் ஒருவன் சத்திரத்தில் சேர்த்து, அவனைக் கவனிக்கச் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுப்பது அந்தக் கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப்போன மனிதன் ஆதாம். எருசலேம் விண்ணக அமைதி நகரம். எரிகோ நிலவு, அதனால் மனிதரின் அழியும் தன்மை. கள்ளர் பிசாசும் அவன் தூதர்களும். சத்திரம் திருச்சபை. சத்திரக்காரன் பவுல். இரண்டு பணமும் அன்பின் இரு கட்டளைகள்.

வாசிக்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் உவமை எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று பாருங்கள். "எனக்குப் பிறன் யார்?" என்று ஒருவன் கேட்கிறான். சத்திரக்காரனைப் பவுலாக்கினால் அந்தக் கேள்வி அனாதையாகிவிடுகிறது. பிறனுக்கு இரங்கு என்ற கட்டளை மறைந்து மீட்பின் வரலாறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யூலிஷர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை எதிர்த்துத்தான், உவமைக்கு ஒரே மையக்கருத்து, அலிகரிக்கு உறுப்புக்கு உறுப்பு பொருத்தம் என்று கோடு கிழித்தார். அந்தக் கோடு ரொம்ப நேராகப் போய்விட்டது. விதைப்பவன் உவமை அதற்குள் அடங்காது. ஆனாலும் வகுப்பில் தொடங்க அது நல்ல கோடு.

என் எல்லை இதுதான்: ஒரு விளக்கம் கதை விடையளிக்க வந்த கேள்வியைத் தூக்கி எறிந்தால், அது கதைக்கு வெளியே இருந்து வந்தது.

---

கழனி மாமரம் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். பிறிதுமொழிதல் இதற்கு மிக நெருக்கம். ஆனால் குவின்டிலியனின் அலிகரிக்குத்தான் நெருக்கம், புரஞ்சனன் வகைக் கதைக்கு அல்ல.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின் (475)

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். மயிலிறகு, வண்டி, அச்சு. இவை மட்டுமே குறளில் இருக்கின்றன. அரசன், பகைவர், படை என்ற சொல் ஒன்றும் இல்லை. சொல்ல வந்த பொருள் முழுதும் மறைந்து ஒப்புப்பொருள் மட்டும் நிற்கிறது. தண்டியலங்காரம் இதை 'ஒட்டு' என்று சொல்லும். இதோடு பத்தாம் குறளின் 'பிறவிப் பெருங்கடல்' என்பதை ஒட்டிப் பாருங்கள். அங்கே பிறவி என்ற பொருளும் கடல் என்ற ஒப்பும் அருகருகே நிற்கின்றன. அது உருவகம்.

இந்த வேறுபாட்டைக் குவின்டிலியனும் பார்த்திருக்கிறார். தூய அலிகரி, கலந்த அலிகரி என்று பிரித்து, கலந்ததற்குச் சிசெரோவின் பேச்சிலிருந்து 'மக்கள் கூட்டங்களின் அலைகள்' என்ற தொடரைக் காட்டுகிறார். 'மக்கள் கூட்டம்' என்ற சொல் இல்லாவிட்டால் தூயதாகியிருக்கும். நம் முறையில் அவருடைய தூயது பிறிதுமொழிதல், கலந்தது உருவகம்.

பிறிதுமொழிதல் தனியாக நின்றால் எதைக் குறிக்கிறது என்பது தெரியாது. 475-ஐ வலியறிதல் அதிகாரத்திலிருந்து பெயர்த்து எடுத்து வெறுமனே கொடுங்கள், வண்டிக்காரனுக்குச் சொன்ன அறிவுரையாகத்தான் இருக்கும். அதிகாரத் தலைப்புதான் திறவுகோல். சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொல்லும் என்கிற, 'காலாழ் களரின் நரியடும்' என்ற 500-ஆம் குறளும் இடனறிதல் என்ற தலைப்புக்குக் கீழே இருப்பதால்தான் அரசியலாகிறது.

உள்ளுறை வேறு. அதற்குத் தொல்காப்பியம் களமே வகுத்துக் கொடுக்கிறது: தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொள்ளும். மரம், விலங்கு, பறவை, நீர் என்று திணைக்குரியவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். குறுந்தொகை எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார்,

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்

என்கிறார். வயலோர மாமரத்திலிருந்து பழுத்து விழும் கனியைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. பேசுபவள் பரத்தை. வாளை மரமேறவில்லை, கல்லெறியவில்லை, பழம் தானே விழுந்தது. நான் அவனை வலியச் சென்று இழுக்கவில்லை என்பதை அவள் ஊர் வருணனைக்குள் வைத்துவிட்டாள். இங்கே உட்பொருள் வேறோர் உலகத்தில் இல்லை, அதே பேச்சின் சூழலில் இருக்கிறது. அறநெறியோ தத்துவமோ அரசியலோ அங்கே பேசப்படவில்லை. அதனால் உள்ளுறையை அலிகரி என்று மொழிபெயர்த்து விடாதீர்கள். அப்படிச் செய்தால் உள்ளுறையின் நுட்பம்தான் முதலில் சேதமாகும்.

---

தேன்மொழி பா. எழுதியது:

அதிகாரத் தலைப்பே திறவுகோல் என்பது வகுப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது. நன்றி, ஐயா. இப்போது முழுநீளக் கதை. மாணவர்கள் ஒரு நாவலைக் கொண்டுவந்து 'இது அலிகரியா' என்றால் சோதிக்க ஒரு முறை வேண்டும்.

---

ஏடகம் எழுதியது:

மேல்தளத்தை மட்டும் முதலில் ஐந்தாறு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள், உட்பொருளைத் தொடாமல். பிறகு உட்பொருள் என்று கருதுவதை அதே நீளத்தில் தனியாக எழுதட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆட்களைப் பொருத்துவதற்கு முன்னால் நிகழ்ச்சிகளின் வரிசையைப் பொருத்த வேண்டும். பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு: 'இவர் இன்னார்' என்று ஆட்களைப் பொருத்திவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஆட்களை எதனோடும் பொருத்தலாம். காரண காரியம் பொருந்துவதுதான் கடினம்.

ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' (1945) இந்தச் சோதனையில் தேறுகிறது. நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபால் டிராட்ஸ்கி என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், நெப்போலியன் மரக்கட்டைகளைப் பக்கத்துப் பண்ணைக்காரன் பிரெடெரிக்குக்கு விற்றுக் கள்ளநோட்டு வாங்கி ஏமாறுவதும், அதன் பின் அதே பிரெடெரிக் படையோடு வந்து காற்றாலையைத் தகர்ப்பதும். 1939-இன் சோவியத்–ஜெர்மனி உடன்படிக்கையும் 1941-இன் படையெடுப்பும் அதே வரிசையில், அதே காரணத்தொடர்பில் நிற்கின்றன. எங்கே பொருந்தவில்லை என்றும் கேட்கவேண்டும். லெனினுக்கென்று தனிப் பன்றி இல்லை. கிழட்டு மேஜரில் மார்க்ஸும் கொஞ்சம் லெனினும் கலந்திருக்கிறார்கள், மேஜரோ புரட்சிக்கு முன்பே இறந்துவிடுகிறார். லெனின் ஆண்ட ஆண்டுகள் கதையில் விழவே இல்லை. அந்த இடைவெளி ஆசிரியரின் அரசியல் முடிவு, அங்கே விவாதம் தொடங்கட்டும்.

எதிர்ப்பக்கத்துக்கு டோல்கீன். தம் மோதிரக் கதை இரண்டாம் உலகப்போரின் அலிகரி இல்லை என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் மறுக்கும்போது அவர் கையாண்டதும் இந்தச் சோதனையைத்தான். போர்தான் உட்பொருள் என்றால் மோதிரத்தைக் கைப்பற்றி, கதையின் தீய தலைவன் சௌரானுக்கு எதிராகப் பயன்படுத்தியிருப்பார்கள், அவன் கோட்டையை இடிக்காமல் பிடித்து வைத்துக்கொண்டிருப்பார்கள் என்கிறார். நிகழ்ச்சி வரிசை பொருந்தவில்லை என்பதே அவர் வாதம். வாசகர் தம் வாழ்வோடு பொருத்திக்கொள்ளும் உரிமை வேறு, எழுத்தாளர் முன்கூட்டியே கட்டிவைக்கும் பொருத்தம் வேறு என்றும் அங்கே பிரிக்கிறார்.

---

நிலாமுற்றம் எழுதியது:

பெயரையே பண்பாக வைக்கும் வகையை விட்டுவிட்டீர்கள். அங்கே சோதனையே வேண்டாமே? 'பொறுமை' என்று ஒரு பாத்திரம் வந்தால் அது பொறுமைதான்.

---

ஏடகம் எழுதியது:

அடையாளம் காணச் சோதனை வேண்டாம், தரம் பார்க்க வேண்டும். அந்த வகைக்கு மேற்கில் முன்மாதிரி லத்தீன் கவிஞர் புருடென்டியஸின் 'சைக்கொமாக்கியா', அதாவது உள்ளத்தின் போர். கி.பி. 400-ஐ ஒட்டியது. நற்பண்புகளும் தீக்குணங்களும் ஒற்றைக்கு ஒற்றையாகப் போரிடுகின்றன. சினம் பொறுமையின் மேல் பாய்கிறது. பொறுமை அசையாமல் நிற்கிறது. சினத்தின் வாள் பொறுமையின் தலைக்கவசத்தில் பட்டு உடைகிறது. ஆத்திரம் தாளாமல் சினம் தன்னையே குத்திக்கொண்டு சாகிறது. போராகவும் சரி, மனத்தின் இயல்பாகவும் சரி, ஒரு நூல் இழைகூடப் பிசகவில்லை. ஆனால் அதே நூலில் மற்ற நற்பண்புகள் எதிரியின் தொண்டையில் வாளைச் செருகுகின்றன, கண்ணை மிதித்து நசுக்குகின்றன. கற்பும் அடக்கமும் அப்படிக் கொல்லும்போது மேல்தளம் உட்பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. போர் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் கொல்ல வேண்டும். பொறுமைக்கு மட்டும் கவிஞர் வழி கண்டுபிடித்தார்.

குவின்டிலியன் சொல்லும் குறையும் இங்கே நினைவுக்கு வரவேண்டும். புயலில் தொடங்கித் தீவிபத்திலோ கட்டடச் சரிவிலோ முடிக்காதே, தொடங்கிய வகையிலேயே முடி என்கிறார். மாணவர் எழுத்தில் மட்டுமல்ல, அச்சில் வரும் அரசியல் கட்டுரைகளிலும் கப்பல் நடுவழியில் தேராகிவிடுகிறது.

---

வடகரை எழுதியது:

பன்யனின் 'மோட்சப் பயணம்' (முதல் பகுதி 1678) பற்றி ஒரு செய்தி. ஏடகம் ஐயா சொன்ன உறுத்தலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கிறிஸ்தியான் நம்பிக்கையிழப்பு என்ற சேற்றில் விழுகிறான். உதவி என்பவன் கைகொடுத்துத் தூக்குகிறான். 'இந்தச் சேற்றை ஏன் செப்பனிடவில்லை?' என்று கேட்டால், மன்னரின் ஆட்கள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்கிறார்கள், இருபதாயிரம் வண்டி நல்லறிவுரையாவது இதில் கொட்டியாயிற்று, எல்லாவற்றையும் சேறு விழுங்கிவிட்டது என்ற விடை வருகிறது. வண்டிக்கணக்கில் மண்ணைக் கொட்டிச் சாலை போடுவது மேல்தளம். ஆனால் 1600 ஆண்டுகள் எந்தச் சாலை வேலையும் நடக்காது. கிறித்தவ சபையின் வயது அந்த எண்ணில் தெரிந்துவிடுகிறது. ஐயம் என்ற கோட்டையிலிருந்து தப்பும் சாவியின் பெயர் வாக்குத்தத்தம், அது முதலிலிருந்தே அவன் மடியில்தான் இருக்கிறது. மறந்திருந்தான்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத் தழுவித்தான் 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். பன்யனின் உரைநடைக் கதையைத் தமிழ்க் காப்பிய நடைக்கும் பருவப் பிரிவுக்கும் கொண்டுவந்தார். தமிழில் முழுநீள அலிகரி எப்படி இயங்குகிறது என்று காட்ட மாணவர்களுக்கு அது போதும்.

---

கழனி மாமரம் எழுதியது:

பண்பு பாத்திரமாவதற்குப் பன்யனுக்கு மூத்த நாடகம் இந்தியாவிலேயே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் கிருஷ்ணமிச்ரர் எழுதிய 'பிரபோத சந்திரோதயம்'. விவேகனும் மகாமோகனும் அங்கே அரசர்கள்.

வாசிப்பு என்ற பக்கத்துக்குப் பாரதியின் குயில் பாட்டை விட்டுவிடக் கூடாது. குயில், மாடு, குரங்கு, முற்பிறப்பு என்று கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு,

ஆன்ற தமிழ்ப்புலவீர், கற்பனையே யானாலும்,
வேதாந்த மாக விரித்துப் பொருளுரைக்க
யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ?

என்று கேட்டு நிறுத்துகிறார். இங்கே நாரதர் வரவில்லை. இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது. வேதாந்தமாகவே எழுதினார் என்று கொள்வோரும் உண்டு, அந்தக் கேள்வியையே கவிதையின் விளையாட்டாகக் கொள்வோரும் உண்டு. உறுப்புக்கு உறுப்பு பொருத்திப் பார்த்தால் குரங்கும் மாடும் இடறும் என்பது என் கருத்து. அதனால் இதை அலிகரியாக எழுதப்பட்ட கவிதை என்று சொல்லமாட்டேன், அலிகரி வாசிப்பை வரவேற்கும் கவிதை என்பேன்.

---

நிலாமுற்றம் எழுதியது:

அப்படியானால் குறியீடு? ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1816-ல் அலிகரியைத் தாழ்த்திக் குறியீட்டை உயர்த்தினாரே. கருத்துகளைப் படமொழிக்கு மாற்றுவதுதான் அலிகரி, குறியீடோ தான் குறிக்கும் மெய்மையிலேயே பங்கு கொள்வது என்று. இன்றும் 'வெறும் அலிகரி' என்று சொல்வது அதிலிருந்து வந்த பழக்கம்தானே?

---

ஏடகம் எழுதியது:

ஆமாம். கோல்ரிட்ஜுக்குப் பக்கபலமாக ஜெர்மானியக் கவிஞர் கெதேயையும் சேர்க்கலாம். பொதுவுக்குத் தனியைத் தேடுவது அலிகரி, தனியில் பொதுவைக் காண்பது கவிதை என்பது கெதேயின் பிரிவினை. இந்த இறக்கத்தை 1928-ல் வால்ட்டர் பெஞ்சமின் ஜெர்மானியத் துயர நாடகம் பற்றிய நூலில் எதிர்த்தார். முதலாண்டுக்கு இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் எச்சரியுங்கள்: இந்தத் தரவரிசை 19-ஆம் நூற்றாண்டினுடையது. அதைக் கொண்டு காசியனையோ புருடென்டியஸையோ அளந்தால் அவர்கள் செய்ததே தெரியாமல் போகும்.

---

தேன்மொழி பா. எழுதியது:

குகையை எடுத்துவிட்டு ஹோரஸின் கப்பலை முதல் எடுத்துக்காட்டாக வைக்கலாமா?

---

ஏடகம் எழுதியது:

வைக்கலாம், ஆனால் அல்கேயஸுக்குப் பின்னால் வையுங்கள். ஹோரஸுக்கு அவர்தான் முன்னோடி. லெஸ்போஸ் தீவின் கவிஞர், ஹோரஸுக்கு ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் மூத்தவர். அவர் பாட்டில் காற்றுகளின் 'ஸ்டாசிஸ்' விளங்கவில்லை, ஓர் அலை இந்தப் பக்கமிருந்து, ஓர் அலை அந்தப் பக்கமிருந்து உருள்கிறது, நாம் நடுவில் கருங்கப்பலோடு அலைக்கழிகிறோம், பாயில் ஓட்டை தெரிகிறது, பாய்மரத்தின் அடியை நீர் சூழ்ந்துவிட்டது என்று வரும். முதல் முறை எந்தக் குறிப்பும் இல்லாமல் வாசிக்கக் கொடுங்கள். எல்லோரும் கடற்பயணம் என்பார்கள். ஹோமரின் சிக்கல்கள் பற்றி எழுதிய ஹெராக்ளைட்டஸும் (தத்துவஞானி வேறு, இவர் வேறு) இதே பாட்டைக் காட்டி, கேட்டவுடன் கடலுக்கு அஞ்சும் மாலுமிகள் என்றுதான் யாரும் நினைப்பார்கள் என்கிறார். பிறகு மித்திலீனி நகரில் மிர்சிலஸ் என்பவன் ஆட்சியைப் பிடிக்கச் செய்த சதிதான் பொருள் என்று விளக்குகிறார்.

இரண்டாம் முறை இந்தச் செய்தியோடு வாசிக்கச் சொல்லுங்கள். 'ஸ்டாசிஸ்' என்ற சொல் காற்றின் நிலைக்கும் வரும், நகரத்தின் உட்பகைக்கும் வரும் என்பதை அப்போது சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஹோரஸ். அவர் பாட்டில் நாடு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. குவின்டிலியனின் விளக்கத்தை மறைத்துவைத்துவிட்டு, பாட்டுக்குள்ளிருந்து மட்டும் எவ்வளவு நிறுவ முடிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு அது சரியாக இருக்கும். குகையை அடுத்த வகுப்பில் உவமையின் கீழ் வையுங்கள்.